தொழிற்சாலை 'மெடிக்கல்': யார் கேட்கிறார்கள், எதற்காக, முடிவு வந்த பிறகு என்ன?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங் பக்கம் தோட்டத்து லயங்களில் வளர்ந்த பலர் இன்று ரப்பர் பால் வெட்டப் போவதில்லை. விடிவதற்கு முன்பே ஃபேக்டரி பஸ் ஏறி பக்கார் ஆராங் தொழிற்பேட்டைக்கோ கூலிம் ஹைடெக் பார்க்குக்கோ போகிறார்கள். சிலர் பக்கத்துச் செம்பனை ஆலையிலேயே இருக்கிறார்கள். இவர்களுக்கு அவ்வப்போது "மெடிக்கல் இருக்கு, பேர் கொடுங்க" என்று அழைப்பு வரும். ஒரு தடவை காதுப் பரிசோதனை, இன்னொரு தடவை ரத்தமும் சிறுநீரும், அப்புறம் ஒரு நாள் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவிலிருந்து இலவசப் பரிசோதனை என்று தகவல். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. சர்க்கரை இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து ஒதுங்குபவர்களும் உண்டு.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது. தோட்டத்தில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவரே காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார், வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்றும் சொல்வார். தொழிற்சாலையில் அப்படி இல்லை. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். அழைப்பு வந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது எந்தப் பரிசோதனை என்பதைத்தான்.

'ஃபிட்' என்றால் எதற்கு ஃபிட்?

மருத்துவச் சான்றில் வரும் 'ஃபிட்', 'அன்ஃபிட்' இரண்டும் தனியாக நின்றால் பொருள் தராது. ஒருவர் எதற்குத் தகுதி, எந்த வேலைக்கு, எந்தச் சூழலில், எவ்வளவு காலத்துக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அது மருத்துவக் கருத்து. முழங்கால் தேய்ந்தவர் ஏணி ஏறும் வேலைக்குத் தகுதியில்லாமல் இருக்கலாம். அதே ஆள் உட்கார்ந்து தரம் பார்க்கும் பிரிவில் இன்னும் பத்து வருடம் வேலை செய்யலாம். அதனால் முடிவுகள் பெரும்பாலும் நான்கு வகையில் வரும்: தகுதி, சில கட்டுப்பாடுகளுடன் தகுதி, தற்காலிகமாகத் தகுதியில்லை, குறிப்பிட்ட அந்த வேலைக்குத் தகுதியில்லை. நடுவில் உள்ள இரண்டையும் மறைத்து வெறும் 'அன்ஃபிட்' என்று வாயால் சொல்லி அனுப்பினால், எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே பெயரில் நடக்கும் ஐந்து பரிசோதனைகள்

1. வேலையில் சேரும் முன் நடப்பது. உயரம், எடை, ரத்த அழுத்தம், கண் பார்வை, நிறம் பிரித்தறிதல், சிறுநீர், எக்ஸ்ரே என்று போகும். எல்லா வேலைக்கும் இது வேண்டும் என்று பொதுச் சட்டம் எதுவும் இல்லை. இது முதலாளி வைக்கும் நிபந்தனை. தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு மிக மெலிந்து இருக்கும் கட்டமும் இதுதான்.

2. வேலையால் உடம்பு கெடுகிறதா என்று பார்ப்பது. இதற்கு மருத்துவக் கண்காணிப்பு என்று பெயர். சத்தம், இரசாயனம், தூசு இவற்றின் நடுவே வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி நடத்த வேண்டியது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான், ஏனென்றால் தொழிலாளிக்கு அதிகம் பயன்படக்கூடியதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

3. ஆபத்தான குறிப்பிட்ட வேலைக்கான தகுதி. செம்பனை ஆலையில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது போன்ற அடைபட்ட இட வேலைக்கு உடற்தகுதிச் சான்று வேண்டும். திடீரென்று மயக்கம் வந்தால் அவர் உயிர் மட்டுமல்ல, அவரைத் தூக்கப் போகிறவர் உயிரும் போகும். இங்கே கண்டிப்பு நியாயமானது.

4. பெர்கேசோவின் இலவச உடல்நலப் பரிசோதனை. 2013இல் தொடங்கியது. சந்தா கட்டும் தொழிலாளிகள் 40 வயதை எட்டும்போது கிடைக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு பார்க்கிறார்கள், பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் பரிசோதனையும் உண்டு. வேலைத் தகுதிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

5. வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கான ஃபோமிமா பரிசோதனை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் சகோதரர்களும் இதற்குப் போக வேண்டும். காசநோய், எச்ஐவி, ஹெப்படைடிஸ் பி, மலேரியா, தொழுநோய், கர்ப்பம், போதைப்பொருள் என்று பார்க்கிறது. நாட்டில் தங்கி வேலை செய்ய அனுமதிக்கலாமா என்பதே அதன் கேள்வி. அதில் தேறிவிட்டார் என்பதால், சத்தமும் இரசாயனமும் உள்ள பிரிவில் அவருக்குத் தனிக் கண்காணிப்பு தேவையில்லை என்று ஆகிவிடாது.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது

1967ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 2024 ஜூன் 1 அன்று நீக்கப்பட்டது. அதே நாளில், 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. இப்போது வீட்டுப் பணி, இராணுவம், வணிகக் கப்பல் போன்ற சில விலக்குகள் தவிர ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக ஏறியிருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்திலும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். இதைக் கண்காணிப்பது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. மக்கள் ஜேகேகேபி என்றுதான் சொல்கிறார்கள்.

தொழிலாளி மனத்தில் வைக்க வேண்டிய பிரிவுகள் இரண்டு. 26ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் செய்ய வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. ஆகவே சட்டப்படி நடக்கும் காதுப் பரிசோதனைக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ சம்பளத்தில் பிடித்தம் செய்ய முடியாது. 27ஆம் பிரிவு, பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காகத் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதையும் அவருக்குக் கெடுதல் செய்வதையும் தடுக்கிறது.

இரசாயனங்களுக்கு 2000ஆம் ஆண்டின் தனி விதிமுறை இருக்கிறது. சத்தத்துக்கு 2019ஆம் ஆண்டின் விதிமுறை. எண்களும் கடமைகளும் இந்த இரண்டில்தான் இருக்கின்றன.

காது: கணக்கு எப்படி வேலை செய்கிறது

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது மேல் வரம்பு. டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஒலிச் சக்தி இரண்டு மடங்காகிறது, அதனால் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. 88 டெசிபலில் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம், 94இல் 1 மணி நேரம், அவ்வளவுதான். பழைய 1989 விதிமுறையில் வரம்பு 90 டெசிபல். 5 டெசிபலுக்கு ஒரு முறைதான் நேரம் பாதியாகும். அந்தக் காலத்தில் 'பாதுகாப்பு' என்று எழுதப்பட்ட பல பிரிவுகள் இன்றைய கணக்கில் பாதுகாப்பானவை அல்ல.

இதில் 12 மணி நேர ஷிஃப்ட்டைச் சேர்த்துப் பாருங்கள். அதே 85 டெசிபலில் 12 மணி நேரம் நின்றால் ஒரு நாளைய அளவில் 150 விழுக்காடு காதில் ஏறிவிடுகிறது. எந்திரத்தின் மேல் 'இங்கே 85தான்' என்று ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. ஓ.டி. பார்ப்பவர் தன் நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வரம்பைத் தாண்டும் பிரிவில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் காதுப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒலி வராத அறையில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று வரைகிறார்கள். சத்தத்தால் வரும் கெடுதல் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழியாக விழும். அந்தக் கட்டத்தில் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பேச்சு நன்றாகத்தான் கேட்கும். வருடங்கள் போகப் போகக் குழி அகலமாகி, பேச்சின் கூர்மையான மெய்யெழுத்துகள் இருக்கும் பகுதியைத் தொடும். அப்போதுதான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்பது தொடங்கும். டிவியைச் சத்தமாக வைப்பார்கள், போனில் பேசத் தயங்குவார்கள். வீட்டில் எல்லோரும் வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவார்கள். உள்காதில் செத்த முடி அணுக்கள் மறுபடி முளைக்காது.

அதனால்தான் முதல் பரிசோதனை அத்தனை முக்கியம். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவையும் அதோடுதான் ஒப்பிடுகிறார்கள். 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரி, முதல் முடிவைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மோசமாகியிருந்தால் அது எச்சரிக்கை. தொழிலாளி இன்னும் 'செவிடு' ஆகவில்லை, ஆனால் அந்தப் பிரிவின் பாதுகாப்பு ஏற்பாடு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். முதல் பரிசோதனைக்கு முன் குறைந்தது 14 மணி நேரமாவது சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு வேனில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால், சோர்ந்த காது மோசமான முடிவைத்தான் காட்டும். அதையே 'முதல் நிலை' என்று பதிந்துவிட்டால் பின்னால் வரும் உண்மையான கேட்டல் இழப்பு அதற்குள் மறைந்துபோகும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது எல்லாமே இதில்தான் போய் நிற்கும்.

ரத்தமும் சிறுநீரும் எதைச் சொல்கின்றன

தொழிற்சாலையில் இரசாயனம் பயன்படுத்தினால் முதலாளி முதலில் இரசாயன இடர் மதிப்பீடு செய்ய வேண்டும். எந்தப் பிரிவில் யாருக்கு என்ன பரிசோதனை தேவை என்று அது சொல்லும். பென்சீன், பாதரசம், காட்மியம், ஆர்சனிக், சிலிக்காத் தூசு, ஐசோசயனேட் போன்றவை விதிமுறையின் பட்டியலில் இருக்கின்றன. இவற்றோடு வேலை செய்பவர்களை 12 மாதத்துக்கு மேல் இடைவெளி விடாமல் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிப்பவர் ஜேகேகேபியிடம் பதிவு பெற்ற தொழில்சார் சுகாதார மருத்துவராக இருக்க வேண்டும். சுருக்கமாக ஓ.எச்.டி. என்பார்கள். எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டுக் கொடுக்கும் பேனல் கிளினிக் (நிறுவனம் ஏற்பாடு செய்த கிளினிக்) டாக்டர் எல்லோரும் ஓ.எச்.டி. அல்ல.

பரிசோதனை எப்படி வேலை செய்கிறது என்று இரண்டு உதாரணங்களில் பார்க்கலாம். முதலாவது, தோட்டத்தில் மருந்தடித்த அம்மாக்களுக்குத் தெரிந்த உலகம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஒருவருக்கு அளவு பாதியாக விழுந்திருந்தாலும் காகிதத்தில் 'நார்மல்' எல்லைக்குள்ளேயே இருக்கலாம். மருந்து வேலை தொடங்கும் முன் எடுத்த அளவு கையில் இருந்தால்தான் விழுந்தது தெரியும்.

இரண்டாவது, தொழிற்சாலையில் பசையிலும் சுத்திகரிக்கும் திரவத்திலும் வரும் என்-ஹெக்சேன். நீண்ட நாள் சுவாசித்தால் கை கால் நரம்புகளைத் தாக்கும். விரல் நுனியில், பாதத்தில் மரத்துப்போன உணர்வு தொடங்கும். சர்க்கரை நோயிலும் அதே இடங்களில் அதே மாதிரிதான் மரத்துப்போகும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள ஒருவர் இப்படிச் சொன்னால், வீட்டிலும் கிளினிக்கிலும் "சர்க்கரையாலதான்" என்ற பதில் உடனே வரும். என்ன வேலை செய்கிறார், கையில் எந்தத் திரவம் படுகிறது என்று கேட்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சிறுநீர் எடுத்துப் பார்க்கும் மருத்துவருக்குத்தான் வேலையிடத்தின் பங்கு புலப்படும். சாதாரண டாக்டரிடம் போகும்போதும் தன் வேலையை விவரமாகச் சொல்ல வேண்டியது இதனால்தான்.

கெட்ட முடிவு வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'அந்தப் பிரிவில் என்ன பழுது?' என்பதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று பேருக்குக் காது குறைந்தால், மூன்று பேரை மாற்றிவிட்டு வேறு மூன்று பேரை நிறுத்துவது தீர்வாகாது. எந்திரத்துக்கு உறை போட வேண்டும், காற்று உறிஞ்சும் குழாயைச் சரிபார்க்க வேண்டும், இரசாயனத்தை மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். காதடைப்பும் முகமூடியும் அவற்றுக்கெல்லாம் பிறகு வருபவை.

'அன்ஃபிட்' வந்தால் என்ன நடக்க வேண்டும்

1. இரசாயனத்தால் மேலும் கெடும் நிலையில் ஒருவர் இருக்கிறார் என்று ஓ.எச்.டி. சொன்னால், முதலாளி அவரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். உடல் தேறியது என்று மறுபரிசோதனை சொன்னதும் பழைய வேலைக்குத் திருப்ப வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. விலக்குவது என்பது அந்த இடத்திலிருந்து விலக்குவது. வேலைநீக்கம் வேறு.

2. நோய் வேலையால் வந்தது என்று மருத்துவர் கருதினால், 7 நாட்களுக்குள் ஜேகேகேபிக்கு அறிவிக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் அறிவிப்பு விதிமுறை இதைச் சொல்கிறது. தயங்காமல் "அறிவித்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்கலாம்.

3. பெர்கேசோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. சத்தத்தால் வரும் கேட்டல் இழப்பு அதில் உண்டு. மருத்துவ வாரியம் இழப்பின் விழுக்காட்டை முடிவு செய்யும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளிகளும் வேலைக் காயத் திட்டத்தில் இருக்கிறார்கள்.

4. உடல்நலக் காரணத்தைச் சொல்லி வேலையை முடித்துவிட்டால், நோட்டீசும் பணிமுடிப்புப் பலனும் கணக்குப் பார்க்க வேண்டும். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாத சம்பளம் வாங்குபவருக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, சேவை 2 ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்ற யோசனைக்குத் தலையாட்டினால் இந்தப் பலன் போய்விடும்.

5. நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக நினைப்பவர், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

சர்க்கரை, பிரஷர் பயம்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்று கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சர்க்கரை உள்ள எல்லோரும் தகுதியில்லை என்று தள்ளினால் நம் தொழிலாளிகளில் பெரும் பகுதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். மருத்துவமும் அப்படிச் சொல்லவில்லை.

எந்த மருந்து, எந்த வேலை என்று சேர்த்துப் பார்ப்பதுதான் முறை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வருவது அரிது. இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்கு அந்த ஆபத்து உண்டு. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலோ உயரத்தில் வேலை செய்தாலோ கவனம் தேவை. சாப்பாட்டு நேரத்தை ஒழுங்காக்குவது, இரவு ஷிஃப்ட்டைத் தவிர்ப்பது போன்ற கட்டுப்பாடுகளுடன் அவர் வேலையில் தொடர முடியும். மறைத்துவிட்டு ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து, அவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும்.

முடிவை யார் பார்க்கலாம் என்ற கேள்வியும் இங்கே வருகிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் நுண்ணிய தகவல் என்ற வகையில் இருக்கிறது. அதற்குத் தொழிலாளியின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எச்.ஆருக்குத் தேவைப்படுவது இந்த வேலைக்குத் தகுதியா, என்ன கட்டுப்பாடு என்பது மட்டுமே. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் ஒருவருடைய ரத்த முடிவைப் படிப்பது எந்த வகையிலும் சரியில்லை. தன் தகவலின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை தொழிலாளிக்கு அதே சட்டத்தில் இருக்கிறது.

ஏஜெண்ட் வழியாக வேலை செய்பவர்கள்

தோட்டப்புறப் பட்டணங்களில் இந்தப் பிரச்சினைதான் எனக்குக் கவலை தருவது. ஏஜெண்ட் வேனில் ஏறிப் போகிறவர் இந்த மாதம் மரத்தொழிற்சாலையில், அடுத்த மாதம் ரப்பர் பொருள் தொழிற்சாலையில் நிற்பார். சம்பளம் தருவது ஒருவர், வேலை வாங்குவது இன்னொருவர். காதுப் பரிசோதனை யார் பொறுப்பு என்று கேட்டால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். 2024இல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 18ஏ என்ற புதிய பிரிவு, குத்தகைக்கு வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கும் அந்தத் தொழிலாளிகளின் பாதுகாப்பில் கடமை உண்டு என்கிறது. அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் அந்த நிறுவனத்திடம் இருந்தால் இந்தக் கடமை வரும்.

ஆனால் பதிவு அறுந்துபோகும் பிரச்சினை சட்டத்தால் மட்டும் தீராது. இரசாயனக் கண்காணிப்புப் பதிவுகளை முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எட்டு இடங்களில் வேலை பார்த்தவருடைய பதிவு எட்டு அலமாரிகளில் கிடக்கும், சில நிறுவனங்கள் மூடியும் போயிருக்கும். அதனால் ஒவ்வொரு பரிசோதனையின் நகலையும், எந்தத் தொழிற்சாலையில் எந்தப் பிரிவில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன எந்திரம், என்ன இரசாயனம் என்ற குறிப்பையும் வீட்டில் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். சம்பளச் சீட்டும் பெர்கேசோ சந்தா விவரமும் அதே ஃபைலில் இருக்கட்டும். அடுத்த இடத்தில் சேரும்போது முதல் காதுப் பரிசோதனையின் நகலை அங்குள்ள ஓ.எச்.டியிடம் காட்டி, அதையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.